ஏவூர்திக் கடல் இடர் வலயம்

ஏவூர்திக் கடல் இடர் வலயம் என்பது, ஏவூர்தி ஒன்று ஏவப்படும்போது அதன் பாகங்களோ சிதைவுகளோ விழக்கூடும் எனக் கணிக்கப்பட்டு, குறித்த நேரத்தில் கப்பல்களும் படகுகளும் விலகியிருக்குமாறு அறிவிக்கப்படும் கடற்பரப்பு ஆகும். இத்தகைய வலயங்கள் பல, கரையோர நாட்டின் ஆட்சிக்குட்பட்ட கடலுக்கு அப்பாலும் நீள்கின்றன. அங்கு பாதுகாப்பானது தடையை விட எச்சரிக்கையையே பெரிதும் சார்ந்துள்ளது.

வலயத்தைக் கணித்தல்

இடர் வலயங்கள் இரு காரணங்களுக்காக வகுக்கப்படுகின்றன. முதலாவது, எரிந்து முடிந்த கட்டங்கள் திட்டமிட்டபடி கடலில் விழுவது. இவை ஏவுதளத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவிலும் விழலாம். இரண்டாவது, ஏவூர்தி பழுதடைந்து வெடிப்பது, அல்லது வழிதவறியதால் தரையிலிருந்து அழிக்கப்படுவது. பறப்புப் பாதை, காற்றின் வேகம், சிதைவுகளின் எடை முதலியவற்றைக் கொண்டு வலயத்தின் எல்லை வரையப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் விதிகளில், ஆபத்தான சிதைவு கப்பலைத் தாக்கும் வாய்ப்பு 1,00,000-இல் 1 என்பதை மிஞ்சும் பகுதி இடர் வலயத்துள் அடங்கும்.

அறிவித்தல்

கடலோடிகளுக்கான எச்சரிக்கைகளுக்காக உலகக் கடல்கள் 21 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. எட்டாம் பகுதிக்கு இந்தியா ஒருங்கிணைப்பு நாடாகும். தேராதூனில் உள்ள தேசிய நீரளவியல் அலுவலகம் இப்பணியைச் செய்கிறது. ஆழ்கடலில் செல்லும் கப்பல்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகவும், கரையோரக் கப்பல்களுக்கு 518 கிலோஹெர்ட்சு அலைவரிசையில் நேவ்டெக்சு முறை வழியாகவும் செய்தி அனுப்பப்படுகிறது.

சிறு மீன்பிடிப் படகுகளிற் பலவற்றில் இக்கருவிகள் இருப்பதில்லை. 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள பன்னாட்டுப் பயணக் கப்பல்கள் தம் இருப்பிடத்தைத் தாமே அறிவிக்கும் தானியங்கி அடையாளக் கருவியைப் பொருத்த வேண்டும். சிறு படகுகளுக்குப் பன்னாட்டு விதியில் அக்கட்டாயமும் இல்லை. எனவே அவற்றைக் கண்டறிய ராடார், சுற்றுக்காவல் படகு, வானூர்தி ஆகியன தேவைப்படுகின்றன.

சட்ட நிலை

ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட உடன்படிக்கைப்படி ஆட்சிக்குட்பட்ட கடல் கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நீளலாம். அதற்கு அப்பால் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் பயணச் சுதந்திரம் உண்டு. ஆகவே அங்கு வேற்றுநாட்டுக் கப்பலை விலகுமாறு கேட்கலாமேயன்றி, பொதுவாகக் கட்டாயப்படுத்த இயலாது. கப்பல் விலகாவிடில் ஏவுதலைத் தள்ளிவைப்பதே வழியாகும். 2021 சனவரியில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்று, 12 கடல் மைலுக்கு அப்பாலும் விண்வெளிப் பணிகளுக்காகப் பாதுகாப்பு வலயங்களை அமைக்கும் அதிகாரத்தை, ஈராண்டு முன்னோட்டத் திட்டமாக அந்நாட்டின் கடலோரக் காவற்படைக்கு அளித்தது.

நிகழ்வுகள்

2014 அக்டோபர் 27 அன்று வர்ஜீனியாவின் வாலப்சு தளத்திலிருந்து புறப்படவிருந்த அன்டாரிசு ஏவூர்தி, இடர் வலயத்துள் ஒரு படகு இருந்தமையால் நிறுத்தப்பட்டது. மறுநாள் ஏவப்பட்ட அதே ஏவூர்தி சில நொடிகளிலேயே பழுதடைந்து, ஏவுமேடை அருகே விழுந்து வெடித்தது. இடர் வலயம் வெறும் சடங்கன்று என்பதற்கு இது சான்றாகும். 2022 சனவரி 30 அன்று புளோரிடாவில் பால்கன் 9 ஏவூர்தியின் ஏவுதல், பயணிகள் கப்பல் ஒன்று வலயத்துள் நுழைந்ததால் ஒரு நாள் தள்ளிப்போனது.

இந்தியாவில்

ஆந்திரப் பிரதேசத்தின் சிறீஅரிக்கோட்டாவிலிருந்து ஏவூர்தி புறப்படும் நாட்களில், அதனை அடுத்துள்ள தமிழ்நாட்டின் பழவேற்காடு பகுதி மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்படுகின்றனர். தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் சிறு ஏவூர்திகளுக்கான இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து தெற்கு நோக்கி ஏவும்போது இலங்கையைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டியதில்லை. ஆயினும் அப்பாதையின் கீழும் மீன்பிடிக் கடல் உள்ளது. ஏவுதல் ஒத்திவைக்கப்படுந்தோறும் எச்சரிக்கையும் புதுப்பிக்கப்படுகிறது. கடலுக்குச் செல்லாத ஒவ்வொரு நாளும் மீனவருக்கு வருவாய் இழப்பாகும். ஆகவே வலயத்தின் பரப்பையும் கால அளவையும் தேவைக்கு மிகாமல் வரையறுப்பதும், செய்தியை உரிய நேரத்தில் கரைக்குச் சேர்ப்பதும் பாதுகாப்புப் பணியின் பகுதிகளாகும்.