பருத்திக் காட்டிலிருந்து கிராமி வரை... யார் இந்த பட்டி கய்? ப்ளூஸ் இசை என்றால் என்ன?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பருத்தி எடுக்கப் போனவர்களுக்குத் தெரியும். நாள் முழுக்கக் குனிஞ்சு எடுத்தாலும் எடைக்குத்தான் கூலி. அமெரிக்காவின் மூத்த கிதார் கலைஞர் பட்டி கய்யின் கதையும் அப்படியொரு பருத்திக் காட்டில்தான் தொடங்குது.

1936-ல் லூசியானா மாகாணத்தில் பிறந்தவர். பெற்றோர், நிலத்தை வாரத்துக்கு எடுத்துப் பயிர் செய்த கறுப்பின விவசாயிகள். சின்ன வயசில் அவரும் பருத்தி எடுத்தார். 100 பவுண்டுக்கு, அதாவது சுமார் 45 கிலோவுக்கு, கூலி இரண்டரை டாலர்.

ப்ளூஸ் என்றால் என்ன?

1865-ல் அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் கறுப்பின மக்களின் கஷ்டம் தீரல. முதலாளியிடம் நேரில் சொல்ல முடியாததைப் பாட்டில் சொன்னார்கள். வயல் பாட்டும் தேவாலயப் பாட்டும் கலந்து, 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ப்ளூஸ் உருவானது. ஒரு வரி பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது வரியில் பதில் சொல்வது இதன் வழக்கமான அமைப்பு.

ஏன் இத்தனை பாணிகள்?

மக்கள் இடம் மாற, இசையும் மாறியது. மிசிசிப்பி டெல்டா பாணிக்கு ஒரு ஆள், ஒரு சாதாரண கிதார் போதும். ஆலை வேலை தேடி சிகாகோ போனவர்கள், மதுக்கூட இரைச்சலைத் தாண்டிக் கேட்க எலெக்ட்ரிக் கிதாரைக் கையில் எடுத்தார்கள். 1943-ல் மடி வாட்டர்ஸ் அங்கே போனார். 1957-ல் பட்டி கய் போனார். அங்கேயும் இசை மட்டும் சோறு போடல. 1960-களில் பகலில் பழுதான வண்டிகளை இழுக்கும் லாரி ஓட்டினார்.

எலெக்ட்ரிக் கிதாரில் பேரெடுத்த பிறகும் அவர் ஒரே பாணியில் நிற்கல. 2001-ல் வெளியான 'ஸ்வீட் டீ' ஆல்பத்தில், ஒரே தாளம் சுழன்று சுழன்று வரும் வடக்கு மிசிசிப்பி பாணியை வாசித்தார். 2003-ல் 'ப்ளூஸ் சிங்கர்' ஆல்பத்துக்காக சாதாரண கிதாருக்குத் திரும்பினார். அதற்கு கிராமி விருதும் கிடைத்தது.

இந்தியாவில் ப்ளூஸ்

2011-ல் மும்பை ப்ளூஸ் விழாவில் வாசித்த பட்டி கய், 2023-ல் 86 வயதில் மீண்டும் அதே விழா மேடை ஏறினார். நம்ம நாட்டிலும் ப்ளூஸ் குழுக்கள் உண்டு. 2003-ல் ஷில்லாங்கில் ரூடி வாலங், திப்ரிதி கார்பங்கர் தொடங்கிய 'சோல்மேட்' குழு, 2007-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் நடந்த சர்வதேச ப்ளூஸ் போட்டி வரை போனது.

கேட்டுப் பார்க்கணுமா? முதலில் 'ப்ளூஸ் சிங்கர்', அடுத்து 'ஸ்வீட் டீ' கேளுங்க. இரண்டும் ஒரே ஆள் வாசித்ததா என்று சந்தேகமே வரும்.