அன்று கோதுமைக்குக் காத்திருந்தோம்... இன்று நம் அரிசிக்குக் காத்திருக்கிறார்கள்!

வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால், ரேஷனில் போட்ட அமெரிக்கக் கோதுமையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1966-ல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியத்தை இந்தியா இறக்குமதி செய்தது. பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. கப்பல் வந்தால்தான் சாப்பாடு என்ற நிலை!

இன்று? நாடு விட்டு நாடு போகும் அரிசியில், 100 மூட்டைக்கு ஏறக்குறைய 40 மூட்டை நம்முடையது. நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த தாய்லாந்தை 2012-லேயே முந்திவிட்டோம்.

இப்படி இடம் மாறியது நாம் மட்டுமல்ல.

ரஷ்யா அடித்த பல்டி

முதல் உலகப் போருக்கு முன், கோதுமை ஏற்றுமதியில் ரஷ்யப் பேரரசு ஒரு ஜாம்பவான். இன்று உக்ரைனில் இருக்கும் ஒடேசா துறைமுகம் தானிய வியாபாரத்தால் செழித்த ஊர். ஆனால், சோவியத் காலத்தில் கதை தலைகீழானது. மக்களுக்கு இறைச்சி தாராளமாகக் கிடைக்க கால்நடைகளைப் பெருக்கினார்கள். தீவனத்துக்கு உள்ளூர் விளைச்சல் போதவில்லை. 1972-ல் வறட்சியும் சேர்ந்துகொள்ள, எதிரி நாடான அமெரிக்காவிடமே கோதுமையை வாங்கிக் குவித்தார்கள். அடுத்த ஒன்றரை ஆண்டில் கோதுமை விலை இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது.

சோவியத் யூனியன் சிதறியதும் கால்நடைகள் குறைந்தன. தானியம் மிஞ்சத் தொடங்கியது. 2010-களின் பிற்பாதியிலிருந்து கோதுமை ஏற்றுமதியில் பெரும்பாலும் ரஷ்யாவுக்குத்தான் முதலிடம்.

அமெரிக்கா? 1980-களின் தொடக்கத்தில் உலகக் கோதுமை ஏற்றுமதியில் 40 சதவிகிதத்துக்கும் மேல் அதன் கையில் இருந்தது. இப்போது 10 சதவிகிதத்தை ஒட்டித்தான். அங்குள்ள விவசாயிகள் பலர் மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் மாறிவிட்டார்கள்.

கடை மூடினால் என்ன ஆகும்?

விற்பவர் யாராக இருந்தாலும், கதவைச் சாத்தினால் அடி வாங்குவது வாங்குபவர்தான். 2010-ல் கடும் வறட்சியால் ரஷ்யா தானிய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2022-ல் போர் வந்து உக்ரைன் துறைமுகங்கள் முடங்கின. அதே ஆண்டு மே 13-ம் தேதி, வெயிலில் விளைச்சல் குறைந்ததால், கோதுமை ஏற்றுமதியை ஒரே இரவில் நிறுத்தியது இந்தியா.

2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத பச்சரிசிக்கும் தடை. அமெரிக்காவில் உள்ள இந்திய மளிகைக் கடைகளில் அரிசி மூட்டைக்கு அடிபிடி நடந்ததை அப்போது வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். நம் அரிசியை நம்பியிருக்கும் ஆப்பிரிக்க நாடுகளில் திண்டாட்டம் இன்னும் அதிகம். அந்தத் தடை நீங்க 2024 செப்டம்பர் ஆனது.

விளைச்சல் குறைந்தால், எந்த அரசும் முதலில் சொந்த வீட்டு அடுப்பைத்தான் பார்க்கும். அது தவறில்லை. ஆனால், சாத்தப்போகும் கதவை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சாத்தலாமே! வரிசையில் நிற்பவரின் தவிப்பு நமக்குத் தெரியாததா என்ன?