பாலாடைக் கட்டியும் படைவீரர் மூளையும்

கடுங்குளிரில், ஆக்சிஜன் குறைந்த மலையுச்சியில் சில மணி நேரம் நின்றால் மனம் சோர்கிறது. எளிய கணக்கும் தவறுகிறது. அங்கே காவல் நிற்கும் படைவீரர் வரைபடத்தைப் பிழையாகப் படித்தால் என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள். இத்தகைய தடுமாற்றத்தை உணவுப் பொருளொன்றால் தடுக்க முடியுமா?

ஆராய்ச்சியாளர் சிலர் இதற்குத் தேர்ந்தெடுத்த பொருள் டைரோசின் என்னும் அமினோ அமிலம். 1846-இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் லீபிக் இதைப் பாலாடைக் கட்டியின் புரதத்திலிருந்து பிரித்தெடுத்தார். பாலாடைக் கட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இதன் பெயராயிற்று. பால், முட்டை, மீன், பயறு யாவற்றிலும் இது உண்டு.

நரம்புச் செல்கள் டைரோசினிலிருந்து டோபமினையும், அதிலிருந்து நார்அட்ரினலினையும் ஆக்குகின்றன. விழிப்புக்கும் கவனத்துக்கும் இவை வேண்டும். மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாய் மட்டும் திறந்திருந்தால் தொட்டி நிறைந்தே இருக்கும். மேலும் ஊற்றும் நீர் வழிந்தோடும். எல்லாக் குழாய்களையும் ஒருசேரத் திறந்தால் மட்டம் இறங்கும். அப்போதுதான் ஊற்றும் நீருக்குப் பயனுண்டு. கடும் நெருக்கடியில் மூளையின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

1989-இல் அமெரிக்க இராணுவ ஆராய்ச்சியாளர்களான பாண்டரெட், லீபர்மேன் இருவரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். சோதனைக்கு வந்தவர்கள் குளிரிலும் ஆக்சிஜன் குறைவிலும் நாலரை மணி நேரம் இருந்தனர். ஒவ்வொருவரும் ஒரு முறை டைரோசினும் மறு முறை வெற்று மருந்தும் உட்கொண்டனர். எது எதுவென்று உண்டவருக்கும் தெரியாது, கவனித்தவருக்கும் தெரியாது. டைரோசின் உண்டபோது மனச்சோர்வும் செயல்திறன் குறைவும் தணிந்தன. யாருக்கு? சூழலால் ஓரளவேனும் தடுமாறியவர்களுக்கே. தேர்வுக்கு முன் 'மூளை மாத்திரை' தேடும் மாணவ நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நன்கு உண்டு உறங்கியவரின் தொட்டி நிறைந்தே இருக்கிறது.

அளவையும் பாருங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம். 70 கிலோ எடையுள்ளவருக்கு 7 கிராம். ஒரு கோழி முட்டையில் இருப்பது சுமார் கால் கிராம். ஆக, 28 முட்டைகள்! அத்தனையையும் தின்று தீர்த்தாலும் அதே பயன் கிட்டாது. இரத்தத்திலிருந்து மூளைக்குள் செல்லும் வாயிலில் முட்டையின் மற்ற அமினோ அமிலங்களும் டைரோசினோடு முண்டியடிக்கும். தனி டைரோசினுக்கு அந்த நெரிசல் குறைவு.

1999-இல் வெளியான மற்றோர் ஆய்வில், போர்ப்பயிற்சியிலிருந்த 21 இளைஞர்களில் 10 பேருக்கு டைரோசின் மிகுந்த புரதப் பானமும், 11 பேருக்கு அதே கலோரியுள்ள மாவுச்சத்துப் பானமும் தரப்பட்டன. ஆறாம் நாளில் முதல் குழுவினர் நினைவாற்றல் சோதனையில் மேலோங்கினர். மனநிலையிலோ இரு குழுவினருக்கும் வேறுபாடு தோன்றவில்லை. 1989-இல் தணிந்த சோர்வு இங்கே ஏன் தணியவில்லை? சில மணி நேரக் குளிரும் பல நாள் களைப்பும் ஒன்றல்ல. மேலும், 21 பேரை வைத்து முடிவு கட்ட எனக்குத் துணிவில்லை.