கரிசல் காட்டுக் கதவு

2021-ம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி இரவு ஸ்ரீ கி. ராஜநாராயணன் புதுச்சேரியில் காலமானார். வயது 98. பழுத்த வயது, நிறைந்த வாழ்வு என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். நமக்கு அவ்விதம் தேறவில்லை. அது பெருந்தொற்றுக் காலம். அவருடைய வாசகர்கள் திரண்டு வந்து வழியனுப்பவும் இயலவில்லை. கோவிற்பட்டிக்கு அருகே, அவர் பிறந்த ஊராகிய இடைசெவலில், சர்க்கார் மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. அந்த மரியாதை அவருக்குத் தகும். வாசகன் தீர்க்கவேண்டிய கடன் வேறு. அதைக் காலந்தாழ்த்தியேனும் இங்கே தீர்க்க முற்படுகிறோம்.

நாம் ஆங்கிலத்தில் சட்டம் படித்தவர்கள். 1864-ம் வருஷத்திய வருவாய் வசூல் சட்டத்தை ஷரத்து ஷரத்தாக ஓதியவர்கள். ஜப்தி என்பது நமக்கு ஒரு நடவடிக்கை. நோட்டீசு உண்டா, முறைப்படி சார்வு செய்யப்பட்டதா என்பதே நமது கேள்வி. ஜப்தி என்றால் என்ன என்று நமக்கு முதன்முதலில் உணர்த்தியது எந்த நீதிமன்றத் தீர்ப்புமன்று. ஸ்ரீ ராஜநாராயணன் எழுதிய 'கதவு' என்ற சிறுகதை.

ஓர் ஏழைக் குடியானவன் வீடு. அந்த வீட்டுக் கதவுதான் குழந்தைகளுக்கு மோட்டார் வண்டி. ஏறி நின்று ஆடுவார்கள், டிக்கெட் கொடுப்பார்கள், ஊர் ஊராய்ப் பிரயாணம் செய்வார்கள். தகப்பன் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றிருக்கிறான். தாய் கூலி வேலைக்குப் போகிறாள். ஒரு நாள், தீர்வை பாக்கிக்காகத் தலையாரி ஆட்களுடன் வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போகிறான். எதற்காக என்று குழந்தைகளுக்குத் தெரியாது. பிறகு குளிர் வருகிறது. கதவில்லாத வீட்டில் கைக்குழந்தை இறந்துபோகிறது. பிற்பாடு ஒரு நாள் சாவடிப் பக்கம் கேட்பாரற்றுக் கிடக்கும் அந்தக் கதவைக் குழந்தைகள் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள். அவ்வளவே கதை. ஆசிரியர் யாரையும் வையவில்லை. சர்க்காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விவசாயிகளின் வரிச்சுமையைப் பற்றி இப்பத்திரிகையில் நாம் தீட்டிய தலையங்கங்கள் அனைத்தையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, இந்தச் சில பக்கங்களை மறு தட்டில் வைத்தால் எது தாழும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

இவ்வளவுக்கும் அவர் பள்ளிப் படிப்பை முடித்தவரல்லர். மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினவன், ஒதுங்கியும் மழையையே பார்த்துக்கொண்டிருந்தவன் என்று தம்மைப் பற்றி வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார். நிலத்தை உழுது ஜீவித்தார். விவசாயிகளின் கிளர்ச்சிகளில் ஈடுபட்டுச் சிறை சென்றார். இளமையைக் கடந்த பிறகே கதை எழுதத் துணிந்தார். அதே இடைசெவலில் பிறந்த ஸ்ரீ கு. அழகிரிசாமி அவருடைய பால்ய சிநேகிதர். அழகிரிசாமிக்கு அவர் மறைந்த 1970-ம் வருஷத்திலும், ராஜநாராயணனுக்கு 1991-ம் வருஷத்திலும் சாகித்திய அகாடமிப் பரிசு கிடைத்தது. மானம் பார்த்த பூமியின் ஒரு சிற்றூருக்கு இரண்டு பரிசுகள்! பள்ளியை முடிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அந்தக் காரியத்துக்காக அப்பல்கலைக்கழகத்தைப் பாராட்டியே தீரவேண்டும்.

அவரைப் போற்றுகிறவர்களில் நாம் பிந்தி வந்தவர்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. பேச்சு வழக்கை அச்சில் ஏற்றினால் பாஷை கெட்டுவிடும் என்று நெடுநாள் நம்பியிருந்தோம். கிராமத்து நிருபர்கள் எழுதியனுப்பும் கடிதங்களில் அவர்களுடைய சொற்களை அடித்துவிட்டு, நமது சொற்களை எழுதி வெளியிட்டோம். அதைத் தமிழுக்குச் செய்யும் தொண்டு என்றும் எண்ணினோம். ராஜநாராயணனோ மண்ணுக்கும், மழைக்கும், மாட்டுக்கும், பயிருக்கும் குடியானவன் வழங்கும் சொற்களைத் திரட்டி, கரிசல் வட்டார வழக்குக்கு அகராதியே செய்துவிட்டார். அதைப் புரட்டியபோது, நாம் அடித்துத் தள்ளிய சொற்கள் பல நினைவுக்கு வந்தன. அவற்றுக்கு ஈடாக நாம் எழுதியவை ஈடாகவில்லை என்பதும் விளங்கிற்று. வீட்டில் தெலுங்கு பேசும் சமூகத்தில் பிறந்தவர் தமிழுக்கு இதைச் செய்தார்.

தேச பக்தர்கள் அவசியம் படிக்க வேண்டியவை அவருடைய நாவல்கள். 1976-ல் வெளியான 'கோபல்ல கிராமம்', தெற்கே வந்து காட்டைத் திருத்திக் குடியேறிய ஜனங்களின் கதை. அதன் தொடர்ச்சியாகிய 'கோபல்லபுரத்து மக்கள்', விடுதலைக் கிளர்ச்சி ஒரு சிற்றூருக்குள் எப்படிப் புகுந்தது என்பதைக் காட்டுவது. 'அந்தமான் நாயக்கர்' இன்னும் உறைப்பானது. தீவாந்தரம் சென்று மீண்ட ஒரு குடியானவனுக்கு, சுதந்திரம் பெற்ற ஊரில் என்ன இடம் இருந்தது என்று அது கேட்கிறது. மேடைகளில் தியாகிகளுக்கு மாலையிடும் நம்மவர்களுக்கு அந்தக் கேள்வி இனிக்காது.

நாட்டுப்புறத்தில் வழங்கும் பாலியல் கதைகளையும் அவர் தொகுத்து வெளியிட்டபோது சிலர் முகம் சுளித்தனர். நாமும் சுளித்தோம். படித்துப் பார்த்தபின் சிரித்தோம். வயோதிகர்கள் திண்ணையில் சொன்னதைத்தான் அவர் ஏட்டில் எழுதினார், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

வாசகர்கள் அவரை 'நைனா' என்று அழைத்தார்கள். நாம் அவரை நேரில் கண்டு அவ்விதம் அழைத்ததில்லை. புதுவைக்குப் பலமுறை சென்றும், வழக்கு முடிந்ததும் மாலை வண்டியைப் பிடித்துத் திரும்பியிருக்கிறோம். அடுத்த வாய்தாவுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று. அவருடைய அகராதி இப்போது நமது மேஜைமீது, சட்டப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிராமத்துக் கடிதங்கள் வந்தால், பேனாவை எடுக்குமுன் அதைத்தான் எடுக்கிறோம்.