உடம்புக்குள் ஒரு குப்பை லொறி

பம்பலப்பிட்டியில் கடலைப் பார்த்த வீடொன்றின் ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பாருங்கள், நேயர்களே. போன வருடம்தான் பெயின்ட் அடித்திருப்பார்கள். ஆனாலும் விரலில் துரு ஒட்டும். மனித உடம்புக்கு வயதாவதும் இந்தத் துரு மாதிரித்தானா?

முழுக்க அப்படியில்லை. கம்பிக்குத் தன்னைத்தானே பழுதுபார்க்கத் தெரியாது. உயிரணுவுக்குத் தெரியும்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பரிசு பெற்றது ரைபோசோம் ஆய்வுக்காக. உயிரணுவுக்குள் புரதம் செய்கிற பட்டறை அது. பிறகு முதுமையைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். எந்தப் பட்டறையிலும் கோணல் சாமான் வரத்தானே செய்யும்? கோணலான புரதத்தை உயிரணு உடைத்து, அந்தத் துண்டுகளை மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. இந்தத் துப்புரவு வேலையின் நுட்பத்தை ஜப்பானின் யொஷினோரி ஒசுமி கண்டுபிடித்தது ஈஸ்ட்டில்; ஆமாம், பாண் பொங்கப் போடுகிற அதே ஈஸ்ட்!

வயது ஏற ஏற, இந்தக் குப்பை லொறி வருவது குறைகிறது. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் கட்டிகட்டியாய்த் தேங்கிக் கிடப்பதும் புரதம்தான்.

ஈஸ்டர் தீவு மண்ணில் கிடைத்த ரபாமைசின் என்ற மருந்து அந்த லொறியைத் தட்டி எழுப்புகிறது. அதைக் கொடுத்த சுண்டெலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. மனிதர்களிடம் சோதனை இன்னும் முடியவில்லை.