மொத்த விசையும் நிகர விசையும்

மொத்த வருமானத்துக்கும் நிகர வருமானத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பொருளியல் வகுப்புகளில் பல்லாண்டுகள் விளக்கியிருக்கிறேன். ஒற்றை டி.என்.ஏ. மூலக்கூறிலும் அதே கணக்கு இருப்பது வியப்பளிக்கிறது.

டி.என்.ஏ. எதிர்மின்னூட்டம் கொண்டது. உப்புக் கரைசலில், நானோ துளையின் இருபுறமும் மின்னழுத்தம் அளித்தால் இழை துளைக்குள் இழுக்கப்படும். எவ்வளவு விசையுடன்? நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் 2006-இல் அதை நேரடியாக அளந்தனர். இழையின் ஒரு முனையை நுண்மணியில் பிணைத்து, அம்மணியை லேசர் ஒளியால் பிடித்து நிறுத்தினர். இழை இழுபடும்போது மணி சற்றே இடம்பெயர்ந்தது; அந்த நகர்விலிருந்து விசை தெரிந்தது.

கிடைத்த விடை, ஒரு மில்லிவோல்ட்டுக்கு 0.24 பிகோநியூட்டன். பிகோநியூட்டன் என்பது நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இழையின் முழு மின்னூட்டத்தைக் கொண்டு கணக்கிட்டால் வரவேண்டிய விசையில் இது கால் பங்குதான். எஞ்சியதை, இழையைச் சூழ்ந்து எதிர்த்திசையில் நகரும் அயனிகளும் அவற்றுடன் ஓடும் நீரும் கழித்துவிடுகின்றன.

இழை நிதானமாகக் கடந்தால்தான் அதன் மரபு எழுத்துகளைப் படிக்க இயலும். அந்த வேகத்தைக் கட்டுப்படுத்த முனைவோருக்கு நிகர விசை தெரிந்திருக்க வேண்டும். உடனடிப் பயனை மட்டுமே கேட்டு ஆய்வு நிதி ஒதுக்குவோர், இத்தகைய அளவீடுகளையும் முதலீட்டுக் கணக்கில் எழுதப் பழக வேண்டும்.