அமெரிக்க அரசும் மதமும்: இடம் மாறும் எல்லைக்கோடு

அமெரிக்க டாலர் நோட்டு ஒவ்வொன்றிலும் கடவுள்மீது நம்பிக்கை வைப்பதாகச் சொல்லும் தேசிய முழக்கம் அச்சிடப்பட்டிருக்கிறது. அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளும், அரசு ஊதியம் பெறும் மதகுருக்கள் இருக்க, இறைவேண்டலுடன் கூடுகின்றன. ஆனால் அதே நாட்டின் அரசுப் பள்ளியில் ஓர் ஆசிரியர் மாணவர்களை நிற்கவைத்து இறைவணக்கம் சொல்லச்செய்தால் அது சட்ட மீறலாகும். முரணாகத் தோன்றும் இந்த நிலைமைக்குக் காரணம், அமெரிக்கச் சட்டம் மதத்தைப் பொதுவாழ்விலிருந்து விலக்க முயன்றதில்லை என்பதும், அரசின் அதிகாரமும் பணமும் மதத்தோடு எந்த அளவுக்குச் சேரலாம் என்னும் கேள்விக்கு அது காலந்தோறும் வெவ்வேறு விடைகளைத் தந்துவந்திருக்கிறது என்பதுமே ஆகும்.

1787இல் பிலடெல்பியா நகரில் வரையப்பட்ட அரசியலமைப்புச் சட்டம், ஆட்சியதிகாரத்தின் ஊற்றாக மக்களையே குறிப்பிடுகிறது; எந்த மதத்தின் பெயரிலும் அது தன்னை நிறுவிக்கொள்ளவில்லை. அதன் ஆறாவது பிரிவு, கூட்டாட்சி அரசின் எந்தப் பதவிக்கும் மதத்தை ஒரு தகுதியாக வைக்கக்கூடாது என்று விதிக்கிறது. கடவுளின் பெயரால் சத்தியம் செய்வதைப் பாவமாகக் கருதிய குவேக்கர் போன்ற கிறித்தவப் பிரிவினரையும் மனத்தில் கொண்டு, பதவியேற்போர் ஆணையிடுவதற்குப் பதிலாக வெறும் உறுதிமொழி கூறலாம் என்றும் அச்சட்டம் இடமளித்தது.

பக்தர்களே கேட்ட பிரிவினை

மதத்தையும் அரசையும் பிரிக்கும் இந்த எண்ணம் நாத்திகர்களின் ஆக்கம் என்று கருதுவது பிழையாகும். இங்கிலாந்தில் ஒடுக்கப்பட்டு வெளியேறிய பியூரிட்டன்கள், மாசசூசெட்ஸில் தங்கள் சமயநெறியையே அரசின் நெறியாக்கி, 1659 முதல் 1661 வரையிலான காலத்தில் குவேக்கர்கள் நால்வரை பாஸ்டன் நகரில் தூக்கிலிட்டார்கள். அந்தக் குடியேற்றத்திலிருந்து முன்னரே வெளியேற்றப்பட்டு, 1636இல் பிராவிடன்ஸ் என்னும் ஊரை நிறுவிய ராஜர் வில்லியம்ஸ் ஆழ்ந்த பக்தர். அரசின் கை பட்டால் மதம் மாசுபடும் என்பதே அவருடைய அச்சமாக இருந்தது.

வர்ஜீனியாவில் ஆங்கிலிக்கன் திருச்சபை அரசின் திருச்சபையாக இருந்தமையால், அதைச் சேராதவர்களும் அதன் செலவுக்கு வரி செலுத்தவேண்டியிருந்தது. உரிமம் பெறாமல் பிரசங்கம் செய்த பாப்டிஸ்ட் போதகர்கள் சிறைப்பட்டார்கள். விடுதலைக்குப் பின் கிறித்தவப் போதகர்களுக்காகப் பொதுவரி ஒன்றை விதிக்க அம்மாநிலத் தலைவர்களுள் ஒருவரான பேட்ரிக் ஹென்றி முயன்றபோது, மற்றொரு தலைவரான ஜேம்ஸ் மேடிசன் 1785இல் அதற்கு எதிராக ஒரு விண்ணப்பம் எழுதினார். பாப்டிஸ்டுகளும் திரளாக எதிர்த்ததால் அம்முயற்சி தோற்று, தாமஸ் ஜெஃபர்சன் முன்பே வரைந்திருந்த மதச் சுதந்திரச் சட்டம் 1786இல் நிறைவேறியது. பகுத்தறிவை உயர்த்திப் பிடித்த மேட்டுக்குடியினரும் தீவிர நம்பிக்கை கொண்ட சிறு சமயப் பிரிவினரும் சேர்ந்து அமைத்த இந்தக் கூட்டணியே பின்னர் நாடு முழுமைக்குமான விதிக்கு அடித்தளமாயிற்று.

1791இல் நடைமுறைக்கு வந்த முதல் திருத்தம், ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு தடைகளை வைத்தது. காங்கிரஸ் எந்த மதத்தையும் அரசின் மதமாக நிறுவும் வகையில் சட்டம் இயற்றக்கூடாது என்பது முதலாவது; இதனை நிறுவாமை விதி எனலாம். மக்கள் தத்தம் மதத்தைப் பின்பற்றுவதைத் தடுக்கும் சட்டத்தையும் இயற்றக்கூடாது என்பது இரண்டாவது. இது வழிபாட்டுச் சுதந்திர விதி. மதத்துக்கும் அரசுக்கும் இடையே இவ்விதிகள் ஒரு சுவரை எழுப்பியிருப்பதாக, அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ஜெஃபர்சன் 1802இல் டான்பரி நகர்ப் பாப்டிஸ்டுகளுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். அந்தப் பாப்டிஸ்டுகள் வாழ்ந்த கனெக்டிகட் மாநிலத்திலேயே அப்போது அரசு ஆதரவு பெற்ற திருச்சபை ஒன்று இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. முதல் திருத்தம் தொடக்கத்தில் கூட்டாட்சி அரசை மட்டுமே கட்டுப்படுத்தியதால், கனெக்டிகட் 1818 வரையிலும் மாசசூசெட்ஸ் 1833 வரையிலும் அத்தகைய ஆதரவைத் தொடர முடிந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் சேர்க்கப்பட்ட பதினான்காம் திருத்தத்தின் வழியாக, வழிபாட்டுச் சுதந்திர விதி 1940இலும் நிறுவாமை விதி 1947இலும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதம் தொடர்பான வழக்குகள் பெருகியது இதன் பின்னரே.

பள்ளிக்கூடம் என்னும் களம்

இவ்வழக்குகளில் மிகுதியானவை பள்ளியைச் சுற்றியே எழுந்தன. சட்டம் கட்டாயப்படுத்துவதால் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கிறார்கள், அங்கே ஆசிரியரின் சொல் அரசின் சொல்லாகிறது, செலவோ பொதுவரியிலிருந்து வருகிறது. ஆகவே மதமும் அரசும் நேருக்குநேர் சந்திக்கும் இடம் வகுப்பறையாக அமைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அரசுப் பள்ளிகளில் புராட்டஸ்டண்டுகளின் விவிலியப் பதிப்பே வாசிக்கப்பட்டதைப் புதிதாகக் குடியேறிய அயர்லாந்துக் கத்தோலிக்கர்கள் எதிர்த்தனர். அந்தப் பகை 1844இல் பிலடெல்பியாவில் கலவரமாக வெடித்தது. கத்தோலிக்கர்கள் தங்களுக்கெனத் தனிப் பள்ளிகளை நிறுவிக்கொள்ளவே, சமயப் பள்ளிகளுக்குப் பொதுப்பணம் தரக்கூடாது என்னும் விதிகள் பல மாநிலங்களின் அரசியலமைப்பில் இடம்பெற்றன.

நியூ ஜெர்சி மாநிலத்தில் கத்தோலிக்கப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்தை அரசு திருப்பித் தந்தது சரியா என்னும் 1947ஆம் ஆண்டு வழக்கில், நீதிபதி ஹியூகோ பிளாக் ஜெஃபர்சனின் சுவரை வலுவாக எடுத்துரைத்துவிட்டு, அந்தக் கட்டண உதவி செல்லும் என்றே முடித்தார். தீர்ப்பு ஐந்துக்கு நான்கு என்ற அளவில் அமைந்தது. நியூயார்க் மாநில அதிகாரிகள் இயற்றிய, எந்தப் பிரிவையும் சாராத சிறு இறைவணக்கத்தை 1962இலும், பள்ளியில் நாள்தோறும் நடந்த விவிலிய வாசிப்பை 1963இலும் உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்று அறிவித்தது. இத்தீர்ப்புகள் பள்ளியிலிருந்து கடவுளை வெளியேற்றிவிட்டன என்று பலர் கொதித்தெழுந்தாலும், மாணவர் தாமாகப் பிரார்த்திப்பதையோ, விவிலியத்தை இலக்கியமாகவும் வரலாறாகவும் பாடத்தில் படிப்பதையோ அவை தடைசெய்யவில்லை. அரசு தானே பூசாரியாவதை மட்டுமே அவை தடுத்தன.

நம்பிக்கைக்கு விலக்கு உண்டா?

இரண்டாவது விதியான வழிபாட்டுச் சுதந்திர விதி எழுப்பும் கேள்வி வேறு வகையானது. எல்லாருக்கும் பொதுவான ஒரு சட்டம் ஒருவரின் நம்பிக்கையோடு மோதும்போது அவருக்கு விலக்கு அளிக்கவேண்டுமா? மார்மன் பிரிவினரின் பலதார மணம் தொடர்பான 1879ஆம் ஆண்டு வழக்கில், நம்பிக்கையில் அரசு தலையிட முடியாது, நடத்தையில் தலையிடலாம் என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. கொடிவணக்கம் தங்கள் சமயத்துக்கு ஒவ்வாதது என்று மறுத்த ஜெகோவாவின் சாட்சிகள் பிரிவுப் பிள்ளைகளை 1940இல் கைவிட்ட அதே நீதிமன்றம், 1943இல் தன் முடிவை மாற்றிக்கொண்டு, அவர்களைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்றது. எட்டாம் வகுப்புக்குப் பிறகு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஆமிஷ் சமூகத்தினர் 1972இல் விலக்குப் பெற்றார்கள்.

ஆனால், தங்கள் சடங்கில் பெயோட்டே என்னும் போதையூட்டும் கள்ளிச்செடியை உட்கொண்டதால் வேலையிழந்து, வேலையிழப்பு உதவித்தொகையும் மறுக்கப்பட்ட பூர்வகுடிச் சமயத்தார் இருவரின் வழக்கில், பொதுவான சட்டத்திலிருந்து விலக்குக் கோரும் உரிமையை அரசியலமைப்பு தரவில்லை என்று 1990இல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பை எழுதிய ஆன்டனின் ஸ்காலியா, பழமைவாத நீதிபதிகளுள் முதன்மையானவர். இடதும் வலதும் ஒருசேர எதிர்த்ததன் விளைவாக, மத நடைமுறையைக் கணிசமாகத் தடுக்கும் சட்டத்துக்கு அரசு வலுவான காரணம் காட்டவேண்டும் என்னும் சட்டத்தைக் காங்கிரஸ் 1993இல் இயற்றியது. சிறு சமயத்தாரைக் காக்க வந்த அச்சட்டத்தைக் கொண்டே 2014இல் ஹாபி லாபி என்னும் பெரிய வணிக நிறுவனம், ஊழியர்களின் காப்பீட்டில் சில கருத்தடை முறைகளைச் சேர்ப்பதிலிருந்து விலக்குப் பெற்றது.

மாறிய கேள்வி

அண்மைக் காலத்தில் உச்ச நீதிமன்றத்தின் பார்வையில் பெரிய மாற்றம் நேர்ந்திருக்கிறது. முன்பு, அரசு மதத்துக்கு உதவியதா என்று கேட்ட நீதிமன்றம், இப்போது அரசு மதத்தை மட்டும் ஒதுக்கிவைத்ததா என்று கேட்கிறது. தனியார் பள்ளிகளுக்கு உதவும் மாநிலம், சமயப் பள்ளி என்பதற்காகவே ஒரு பள்ளியை விலக்கக்கூடாது என்று 2020இல் மொன்டானா வழக்கிலும் 2022இல் மெய்ன் வழக்கிலும் தீர்ப்பாயிற்று. ஆட்டம் முடிந்தபின் திடலில் மண்டியிட்டுப் பிரார்த்தித்த அரசுப் பள்ளி விளையாட்டுப் பயிற்சியாளருக்கு ஆதரவான 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பில், சட்டத்தின் நோக்கமும் விளைவும் மதச்சார்பற்றவையா, அரசும் மதமும் மிகுதியாகப் பிணைகின்றனவா என்று பார்க்கும் 1971ஆம் ஆண்டின் அளவுகோலைக் கைவிட்டு, வரலாறும் மரபுமே வழிகாட்டவேண்டும் என்று பெரும்பான்மையினர் கூறினர். முதல் திருத்தத்தை உருவாக்கிய 1789ஆம் ஆண்டுக் காங்கிரஸே தனக்கு மதகுருக்களை நியமித்துக்கொண்டது என்னும் மரபைச் சுட்டி, சட்டமன்ற இறைவேண்டலை நீதிமன்றம் 1983இலேயே ஏற்றிருந்தது. அந்த இறைவேண்டலும் கிறித்தவருக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை. 2000ஆம் ஆண்டில் பிரதிநிதிகள் அவையில் முதன்முறையாக ஓர் இந்து அர்ச்சகர் அதை நிகழ்த்தினார்.

புதிய போக்கு எதுவரை செல்லும் என்பது இன்னும் முடிவாகவில்லை. முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கு ஓக்லஹோமாவில் அனுமதி கோரப்பட்ட வழக்கில், நீதிபதி ஒருவர் விலகிக்கொண்டதால் 2025இல் நான்குக்கு நான்கு என்று நீதிமன்றம் பிளவுபட்டு, அனுமதி மறுத்த மாநில நீதிமன்றத்தின் முடிவே நிலைத்தது. வகுப்பறைகளில் விவிலியத்தின் பத்துக் கட்டளைகளை மாட்டச்சொன்ன கென்டக்கிச் சட்டம் 1980இல் செல்லாததாகியிருந்தும், லூசியானா 2024இல் அதேபோன்ற சட்டத்தை இயற்றி அக்கேள்வியை மீண்டும் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது.

இத்தனைக்கும் முதல் திருத்தத்தின் வாசகத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை. மாறியவை நீதிமன்றப் பெரும்பான்மையும் சமயத்தாரின் எண்ணிக்கையும் செல்வாக்குமே ஆகும். அரசுப் பள்ளியில் ஒலித்த விவிலிய வாசிப்பை 1844இல் எதிர்த்த கத்தோலிக்கர்களின் வழிவந்த திருச்சபையே 2025இல் சமயப் பள்ளிக்கு அரசுப் பணம் கோரியது. வர்ஜீனியாவில் சிறைப்பட்டு அரசின் தலையீட்டை வெறுத்த பாப்டிஸ்டுகளின் வழியினர் பலர் இன்று வகுப்பறையில் பத்துக் கட்டளைகளை வரவேற்கிறார்கள். எந்தச் சமயமும் ஓர் ஊரில் பெரும்பான்மையாகவும் வேறோர் ஊரில் சிறுபான்மையாகவும் இருக்கும் பரந்த நாட்டில், அரசின் ஆதரவை விரும்புவோருக்கு நாளை அதன் ஒடுக்குமுறையிலிருந்து பாதுகாப்பும் தேவைப்படலாம். நிறுவாமை விதியைத் தளர்த்தும் ஒவ்வொரு தீர்ப்பும் இன்று வென்றவருக்கு மட்டுமன்றி அவருக்குப்பின் பெரும்பான்மை பெறப்போகிறவருக்கும் உரியதாகிவிடுகிறது.